அரங்கேற்றம்: கண்ணீர் போதும், கணக்கு எங்கே?

தமிழில் பாலியல் தொழிலாளியைப் பற்றி 'சீரியஸாக' எடுக்கப்படும் படங்களுக்கென்று ஒரு ஃபார்முலா இருக்கிறது. ஒரு ஜன்னல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி. வெளியே மழை. உள்ளே கண்ணாடி, கலைந்த பொட்டு, பின்னணியில் ஒற்றை வயலின். இடைவேளைக்குப் பிறகு அவளைக் காப்பாற்ற ஒரு நல்லவன் வருவான், முடியாமல் போவான். கடைசி ரீலில் அவள் சாவாள், அல்லது பைத்தியமாவாள், அல்லது மறுபடியும் அதே ஜன்னலில் வந்து நிற்பாள். ரசிகர் உச்சுக் கொட்டிவிட்டு, "என்ன ஒரு யதார்த்தம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து டீ குடிப்பார். அவருக்கும் திருப்தி, விருது கமிட்டிக்கும் திருப்தி.

இந்த யதார்த்தத்தில் ஒரே ஒரு பொருள் மட்டும் காணாமல் போயிருக்கும். பணம்.

ஆச்சரியமாக இல்லையா? அவள் இதைச் செய்வதே பணத்துக்காகத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். வசனத்திலும் நாலு தடவை வரும். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது, யார் வீட்டு அடுப்பை எரிக்கிறது, யார் காலேஜ் ஃபீஸைக் கட்டுகிறது என்று கேமரா பின்தொடர்ந்து போகாது. ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது பி.காம். முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். இந்தப் படங்களில் அவள் இழந்ததெல்லாம் குளோசப்பில் இருக்கும். அதனால் பெற்றுக்கொண்டவர்களின் பக்கம் மட்டும் வெள்ளைத் தாளாக இருக்கும். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார். தமிழ் சினிமா மட்டும் இதற்குக் 'கலை' என்று சான்றிதழ் தருகிறது.

கணக்கைத் திறந்த ஒரு படம்

நியாயமாகப் பார்த்தால், இந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டிய ஒரு தமிழ்ப் படம் உண்டு. 1973இல் வந்த கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்'. விருது வாங்குவதற்காக எடுத்த படம் அல்ல, தியேட்டரில் டிக்கெட் விற்பதற்காக எடுத்த படம்தான். ஆனாலும் பிற்பாடு வந்த பல 'கலைப் படங்கள்' தொடப் பயந்த இடத்தை அது தொட்டது.

பாலசந்தர் 1930இல் நன்னிலத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது தஞ்சாவூர் ஜில்லா, இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம். சினிமாவுக்கு முன்னால் சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்தவர். டெல்டாவின் வீடும் தெரியும், கணக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். அது படத்திலும் தெரிகிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஏழைப் புரோகிதர் வீடு. வீடு நிறையப் பிள்ளைகள். அப்பாவாக எஸ்.வி. சுப்பையா. மூத்தவள் லலிதாவாக பிரமிளா. தம்பிக்கு டாக்டர் படிப்பு வேண்டும், தங்கைகளுக்கு அவரவர் ஆசைகள். (அந்தத் தம்பிதான் கமல்ஹாசன், பெரியவனான பிறகு அவருக்குக் கிடைத்த முதல் சொல்லிக்கொள்ளும்படியான வேடம்.) லலிதா வேலைக்குப் போகிறாள். தம்பியின் சீட்டுக்காகச் சிபாரிசு கேட்கப் போன இடத்தில் சீரழிக்கப்படுகிறாள். பிறகு அதுவே தொழிலாகிறது. ஊருக்குப் பணம் வருகிறது, வீடு நிமிர்கிறது.

படத்தின் முதல் பாதியை ஒரு பட்ஜெட் அறிக்கையாகவே வாசிக்கலாம். யாருக்கு என்ன தேவை, எதற்கு எவ்வளவு குறைகிறது, குறைவதை யார் நிரப்ப வேண்டும் என்று வரிசையாக வருகிறது. எல்லா வரியும் ஒரே பெயரில் போய் முடிகிறது: லலிதா. ஒரு வில்லன் வந்து அவளைக் கெடுத்ததால் மட்டும் இது நடக்கவில்லை என்பதுதான் படத்தின் பலம். அந்த வில்லன் ஒரு நாள் வந்தவன். வீடோ தினமும் இருக்கிறது. தினமும் பசிக்கிறது.

'அரங்கேற்றம்' என்ற தலைப்பே ஒரு குத்தல். நாட்டியம் பழகியவள் முதன்முதலாகச் சபையேறுவதைக் குறிக்கும் சொல், காவிரிக் கரையில் சாதாரணமாகப் புழங்குகிற சொல். அதை எடுத்து, குடும்பமே சேர்ந்து மூத்த மகளை மேடையேற்றிய கதைக்குப் பெயராக வைத்தார். பிராமணக் குடும்பத்துப் பெண்ணை இப்படிக் காட்டலாமா என்று அப்போது எதிர்ப்பும் கிளம்பியது. உறுத்தியது அந்தப் பெண்ணா, அந்தச் சாப்பாட்டுப் பந்தியா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

'தெரியாது' என்ற சௌகரியம்

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் வருகிறது, ஆனால் வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஒரு சாதாரண உத்தியோகத்தில் இருக்கும் பெண்ணால் இவ்வளவு அனுப்ப முடியுமா என்று கூட்டிக் கழித்துப் பார்க்க அந்த வீட்டில் ஆள் இல்லாமலில்லை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கூட்டல் தெரியாதா என்ன? கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் பணம் நின்றுவிடும். அதனால் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

சட்டத்திலும் இதே ஓட்டை இருக்கிறது. இந்தியாவில் 1956இல் வந்த விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 4வது பிரிவு, பாலியல் தொழிலில் வரும் வருமானத்தில் முழுவதுமாகவோ ஓரளவோ வாழ்கிற, 18 வயது தாண்டிய யாரையும் தண்டிக்கலாம் என்கிறது. இரண்டு வருடம் வரை சிறை. ஆனால் அதில் ஒரு சொல் இருக்கிறது: 'தெரிந்தே'. தெரிந்தே வாழ்ந்தால்தான் குற்றம். லலிதாவின் வீட்டை இந்தச் சட்டம் தொடாது. ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாது! தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. அதே சமயம், மகள் என்ன செய்கிறாள் என்று தெரிந்தும் அவளோடு இருந்து, அவளுக்குச் சமைத்துப் போட்டு, காய்ச்சலில் படுத்தால் கஷாயம் வைத்துக் கொடுக்கிற ஒரு கிழத்தாய் மீது இதே பிரிவு பாயலாம். கூட இருப்பவள் குற்றவாளி, கண்ணை மூடிக்கொண்டு தின்றவன் நிரபராதி. நல்ல நியாயம்.

ஆக, அவளுடைய தனிமை வானத்திலிருந்து விழுந்ததல்ல. அந்தத் தொழிலுக்குள் இயற்கையாகவே முளைக்கிற களையும் அல்ல. தின்கிறவர்கள் கேட்காமல் இருப்பதால், கேட்கிறவர்களைச் சட்டம் பயமுறுத்துவதால், அது உற்பத்தியாகிறது. தனிமை இங்கே ஒரு சரக்கு. அதைத் தயாரிப்பவர்களுக்கு லாபம் இருக்கிறது. இந்த லாபத்தைக் காட்டாமல் தனிமையை மட்டும் காட்டும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிப் பொய்.

கடைசியில் பாலசந்தரும் பயந்தார்

இவ்வளவு தூரம் வந்த படம் கடைசியில் என்ன செய்கிறது? தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளையாக வருபவன் லலிதாவின் பழைய வாடிக்கையாளன். உண்மை வெளியாகிறது. அவள் பணத்தில் நிமிர்ந்த குடும்பமே அவளைத் தள்ளி வைக்கிறது. இதுவரை அபாரம். தின்றவர்கள்தான் தீர்ப்பும் சொல்கிறார்கள் என்று ஒரு இயக்குநர் 1973இல் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சறுக்கல். லலிதா பைத்தியமாகிறாள். படம் முடிகிறது.

ஏன்? அவளுக்கு ஏன் பைத்தியம் பிடிக்க வேண்டும்? கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான். யாருக்கு எவ்வளவு கொடுத்தாள் என்று மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடியவள். அவளை நடு ஹாலில் நிற்க வைத்து, "டாக்டர் படிப்பு இவ்வளவு, கல்யாணம் இவ்வளவு" என்று வாசிக்க விட்டிருந்தால் அந்த வீட்டின் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். கூடவே தியேட்டர் கூரையும். ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்த பலருடைய வீட்டிலும் மூத்தவள் ஒருத்தி இருந்திருப்பாள், வேறு வேலை பார்த்து, அதே மாதிரி பணம் அனுப்பிக்கொண்டு. சாட்சி சொல்ல வேண்டியவளைப் பைத்தியமாக்கிவிட்டால் சாட்சியம் செல்லாது. சினிமாவில் பைத்தியம் என்பது பல நேரம் நோய் அல்ல, வாய்ப்பூட்டு.

போதாக்குறைக்கு, அத்தனை பிள்ளைகள் பெற்றதுதான் பிரச்சினை என்று படம் குடும்பக் கட்டுப்பாட்டுப் பக்கமும் சாய்கிறது. அது அன்றைய அரசாங்கத்தின் பிரசாரத்தோடு ஒத்துப்போன கருத்து. குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும், மூத்தவளின் முதுகில் ஏறுவது தானாக நின்றுவிடும் என்பது போல. நாலு பிள்ளை இருந்தாலும் இரண்டு பிள்ளை இருந்தாலும், அதில் ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால், யார் படிப்பு முதலீடு, யார் உழைப்பு செலவு என்று ஊருக்கே தெரியும்.

இதே படத்தைப் பாலசந்தரே 1977இல் மும்தாஜை வைத்து 'ஆயினா' என்று இந்தியில் எடுத்தார். 1978இல் 'தப்புத் தாளங்கள்' படத்தில் சரிதாவைப் பாலியல் தொழிலாளியாகவும் ரஜினியை ரவுடியாகவும் போட்டு, திருந்தி வாழ நினைப்பவர்களை ஊர் வாழவிடாது என்று சொன்னார். திரும்பத் திரும்ப இந்தப் பெண்ணிடமே வந்தார் என்றால் அவருக்குள் ஏதோ அரித்திருக்கிறது. ஆனால் லலிதாவின் வீட்டில் திறந்த கணக்கை அவர் முழுசாகக் கூட்டி முடிக்கவே இல்லை.

சூப் பாத்திரத்தில் போட்ட காசு

"அப்படியென்றால் வேறு எப்படித்தான் எடுப்பதாம்?" என்று கேட்கலாம். அரங்கேற்றம் வந்து இரண்டே வருடத்தில், 1975இல், பெல்ஜியத்தில் ஒருத்தி எடுத்துக் காட்டினாள். ஷாண்டல் ஆக்கர்மன். அப்போது வயது இருபத்தைந்து. படத்தின் பெயர் கதாநாயகியின் பெயரும் வீட்டு முகவரியும் சேர்ந்தது: ழான் தீல்மான், 23, கே து கொமெர்ஸ், 1080 பிரஸ்ஸல்ஸ். காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க: தெருவின் பெயரே காமர்ஸ்!

மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேலே ஓடும் படம். ஒரு விதவை, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகன், மூன்று நாள். காலையில் ஷூ பாலிஷ், கடைக்குப் போவது, உருளைக்கிழங்கு உரிப்பது, பாத்திரம் கழுவுவது. மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் வருவார், போவார். அவர் கொடுக்கும் பணத்தை அவள் சாப்பாட்டு மேஜை மேலிருக்கும் பீங்கான் சூப் பாத்திரத்தில் போட்டு மூடி வைப்பாள். வீட்டுச் செலவு அதிலிருந்துதான்.

அந்தச் சூப் பாத்திரம்தான் படம். வயலின் இல்லை, மழை இல்லை, ஜன்னல் கம்பி இல்லை. பணம் எங்கே வைக்கப்படுகிறது, யார் அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் எதுவும் கேட்காமல் எழுந்து போகிறார்கள் என்று கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவளுடைய தனிமையும் அதே மேஜையில்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் எல்லாம் தப்புகிறது. ஒரு வாடிக்கையாளனைக் கத்தரிக்கோலால் குத்திவிட்டு வந்து அதே மேஜை முன்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் ஒரு கோரமான முடிவுக்குத்தான் போகிறாள், மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பைத்தியப் பட்டம் கட்டிப் படம் தப்பித்துக்கொள்ளவில்லை. அந்த மேஜையை விட்டுப் பார்வையை எடுக்கவும் விடவில்லை. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படம்தான் எல்லாக் காலத்திலும் சிறந்ததாக முதலிடம் வந்தது.

வெள்ளைக்காரர்கள் செய்தால்தான் ஒசத்தியா என்று கோபப்பட வேண்டாம். பிரமிளாவுக்கும் டெல்ஃபின் செரிக்குக்கும் நடுவே இருப்பது திறமை வித்தியாசம் அல்ல. யாரைக் கூண்டில் ஏற்றுவது என்ற துணிச்சல் வித்தியாசம்.

காவிரிக் கரையில் கணக்கு எழுதும் வழக்கம் இருந்தது

இந்த ஊர்க்காரர்களுக்குக் கணக்கெழுதுவது புதிதும் அல்ல. காவிரி கடலில் கலக்கிற பூம்புகாரில் மாதவி அரங்கேறியபோது அரசன் கொடுத்த மாலையின் விலையை இளங்கோ மறைக்கவில்லை. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். அதைக் கொடுத்து வாங்கியவன் கோவலன். காப்பியத்திலேயே ரேட் போட்டு எழுதிவிட்டார்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் செல்ஃபி எடுக்கும் சுவரில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ராஜராஜன் காலத்தில், ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டியது. கோயில் பணிக்காக வெளியூர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஒவ்வொருத்திக்கும் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஒரு பங்கு சம்பளம். ஒரு பங்கு என்றால் வருடத்துக்கு நூறு கலம் நெல். இவர்களை இன்றைய அர்த்தத்தில் பாலியல் தொழிலாளிகள் என்று சொல்வது அபத்தம், அவதூறும்கூட. இங்கே எடுத்துக்காட்டுவது ஒன்றுக்காக மட்டும்தான்: பெண்ணின் பெயருக்கு நேரே நெல்லின் அளவைக் கல்லில் எழுத ஒரு காலம் வெட்கப்படவில்லை.

அந்த மரபின் கடைசிக் காலத்தைத்தான் 'சிருங்காரம்' எடுத்தது. சாரதா ராமநாதன் இயக்கி 2007இல் திரைக்கு வந்த படம், 1920களின் தேவதாசி ஒருத்தியின் கதை, அதிதி ராவ் ஹைதரி நாயகி. ஒளிப்பதிவுக்கு மது அம்பாட், இசைக்கு லால்குடி ஜெயராமன், நடனத்துக்கு சரோஜ் கான் என்று மூன்று தேசிய விருது. பார்ப்பதற்கு ஒவ்வொரு ஃபிரேமும் தஞ்சாவூர் ஓவியம். அங்கேதான் சிக்கல். விளக்கொளியில் அவள் கண்ணில் நிற்கும் நீரைப் பார்த்துப் பார்த்து ரசிகருக்கு மிராசுதாரின் நெல் களஞ்சியத்தைப் பார்க்க நேரமில்லாமல் போகிறது. சோகம் அவ்வளவு அழகாக இருந்தால் யாருக்குத்தான் அது முடிய வேண்டும் என்று தோன்றும்?

இதற்கு நேர்மாறான ஒரு படைப்பு இதே மண்ணில் 1936லேயே வந்துவிட்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவல். 1883இல் திருவாரூரில் பிறந்து, மாயவரம் பக்கத்து மூவலூரில் ஒரு தாசி வீட்டில் வளர்ந்தவர். வெளியிலிருந்து எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டியவர் அல்ல, உள்ளேயிருந்து வெளியே வந்து கதவை உடைத்தவர். அவருடைய நாவலில் பெண்கள் ஜன்னலோரம் நின்று அழுதுகொண்டிருப்பதில்லை. பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒன்றுசேர்கிறார்கள். யார் சொத்து யார் கைக்கு எப்படிப் போகிறது என்ற சூட்சுமம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. இலக்கிய நயம் குறைவு, பிரசாரம் என்று விமர்சகர்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளட்டும். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்ததற்கு முத்துலட்சுமி ரெட்டியின் சட்டசபைப் போராட்டத்தோடு, ஊர் ஊராகப் போய் மேடையில் பேசிய இந்த அம்மாளின் தொண்டையும் காரணம்.

மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் திட்டப் பணம் வாங்கும் கல்லூரி மாணவிகளில் எத்தனை பேருக்கு அது இவருடைய பெயரில் வரும் பணம் என்று தெரியும்? 1989இல் கல்யாண உதவித் திட்டத்துக்கு இவர் பெயரை வைத்தார்கள். 2022இல் அதைப் பெண்களின் உயர்கல்விக்கு மாற்றினார்கள். தாசி வீட்டில் விடப்பட்ட ஒரு பெண்ணின் பெயரில் இன்றைக்குப் பெண்கள் டிகிரி படிக்கிறார்கள். படமாக எடுக்க வேண்டிய கதை இது. இந்தக் கதைக்கு ஒற்றை வயலின் பொருந்தாது.

ஆட்சேபணைகளுக்குப் பதில்

முதல் ஆட்சேபணை: "சினிமா என்ன ஆடிட் ரிப்போர்ட்டா? உணர்ச்சியைத்தானே காட்ட வேண்டும்?" காட்டட்டும். வெட்கமும் ஒரு உணர்ச்சிதான். சாப்பிட்ட சோறு யார் காசில் வந்தது என்று தெரிந்து தொண்டையில் அடைப்பதும் உணர்ச்சிதான். பரிதாபம் மட்டும்தான் உணர்ச்சி என்று யார் சொன்னது? பரிதாபப்படுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. அவர் எப்போதும் குற்றவாளிப் பட்டியலுக்கு வெளியே நிற்கலாம்.

இரண்டாவது: "அந்த வாழ்க்கை இருட்டுதானே, வெளிச்சமாகக் காட்டினால் அதைப் புகழ்ந்ததாக ஆகாதா?" யாரும் வெளிச்சம் போடச் சொல்லவில்லை. இருட்டைச் சரியான இடத்தில் காட்டச் சொல்கிறோம். 'மகாநதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1994, கமல் எழுத, சந்தான பாரதி இயக்கியது. கும்பகோணம் பக்கத்து நிலக்காரர் கிருஷ்ணசாமி, மகள் பெயரே காவேரி. எல்லாம் போய், கடைசியில் அந்தப் பெண்ணைக் கல்கத்தா சோனாகாச்சியில் கண்டுபிடிக்கிறார். தமிழ் சினிமாவின் மிக இருட்டான காட்சிகளில் அது ஒன்று. ஆனால் அங்கே நடப்பது என்ன? அந்தத் தெருவில் இருக்கும் பெண்கள் தங்கள் கையிலிருக்கும் காசைப் போட்டு அவளை அனுப்பி வைக்கிறார்கள். சொந்தம் பந்தம் எல்லாம் கைவிட்ட ஒரு குழந்தைக்காக வரவுப் பக்கத்தில் பெயர் எழுதியவர்கள் அவர்கள் மட்டும்தான். ஒரே ஒரு காட்சி. அந்தப் பெண்கள் 'தனிமையில் வாடும் பாவைகள்' அல்ல, ஒருவருக்கொருவர் இருக்கிறவர்கள் என்று அதில் தெரிந்துவிடுகிறது. இருட்டும் குறையவில்லை, பொய்யும் இல்லை.

மூன்றாவது: "1973இல் இவ்வளவு சொன்னதே பெரிது." உண்மை. 1973க்கு அது பெரிதுதான். ஆனால் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அதையே 'போல்டு' என்று கொண்டாடிக்கொண்டிருந்தால் வெட்கப்பட வேண்டியவர் பாலசந்தர் அல்ல. அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு அடிகூட நகராதவர்கள்.

படத்துக்கு வெளியே

இதெல்லாம் சினிமா சமாசாரம்தானே என்று விட்டுவிட முடியாது. சினிமா பார்த்த கண்ணோடுதான் பேப்பரும் படிக்கப்படுகிறது. லாட்ஜில் ரெய்டு என்றால் தமிழ்ப் பத்திரிகைகளின் தலைப்பு எது? 'அழகிகள் கைது'. முகத்தைத் துப்பட்டாவால் மூடிய பெண்களின் போட்டோ. காசு கொடுத்து வந்தவன் பெயர் வராது. வரவு இல்லாத அதே பேலன்ஸ் ஷீட்.

உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், கல்கத்தாவில் 1999இல் ஒரு பாலியல் தொழிலாளி கொலை செய்யப்பட்டதிலிருந்து கிளம்பிய வழக்கில், இவர்களுக்கும் கண்ணியத்தோடு வாழும் உரிமை உண்டு, ரெய்டின்போது இவர்களின் அடையாளத்தைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது, இவர்களுக்கு ஆதார் அட்டை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு இந்தியப் பிரஜைக்கு ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் வேண்டிய அடையாளத்தைக் கொடுங்கள் என்று நாட்டின் மிகப் பெரிய கோர்ட் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுதான் உண்மையான தனிமை. இதில் மழையும் ஜன்னலும் எங்கே இருக்கிறது?

டெல்டாவில் இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று வருடா வருடம் வானத்தைப் பார்க்கிற ஊர்கள் இவை. 2016 கடைசியில் மழை பொய்த்து, சம்பா கருகி, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட வருடங்களில் வயலுக்குப் பதிலாக வீட்டைத் தூக்கி நிறுத்துவது யார்? திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள், அதில் பல வீட்டில் மூத்த பெண். அவள் பார்ப்பது மில் வேலை, கடை வேலை, கம்பெனி வேலை. லலிதாவின் தொழிலோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக் கணக்கு எழுதும் முறை அப்படியே லலிதா வீட்டு முறைதான். மாதம் பிறந்தால் "அக்கா போட்டுவிட்டுச்சா?" என்று கேட்பார்கள். "அக்கா சாப்பிட்டுச்சா, ராத்திரி எங்கே தூங்குது?" என்று கேட்கிற வீடு எத்தனை?

அந்தக் கேள்வியைக் கேட்காத வீடுகள்தான் லலிதாவின் படத்தைப் பார்த்து அதிகமாக அழும். அழுவது கேட்பதை விடச் சுலபம்.

ஆகவே அடுத்து இப்படி ஒரு படம் எடுக்க ஸ்கிரிப்டோடு அலைந்துகொண்டிருக்கும் இயக்குநர்களுக்கு ஒரு விண்ணப்பம். வயலின்காரருக்கு லீவு கொடுங்கள். மழை எஃபெக்டுக்கு வாடகைக்கு எடுத்த டேங்கர் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். கேமராவை ஜன்னலிலிருந்து எடுத்துச் சமையல்கட்டு வாசலில் வையுங்கள். இலை போடப்படட்டும். யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்று வரிசையாகக் காட்டுங்கள். சாம்பார் ஊற்றும்போது யாராவது ஒருவர் தலையை நிமிர்த்தி, "இது யார் காசு?" என்று கேட்கிறாரா பாருங்கள். கேட்டால் அங்கேயே படம் தொடங்கிவிடும். கேட்காவிட்டால், அவர்களை அப்படியே, முகத்தை மறைக்காமல், கடைசிக் கவளம் வரைக்கும் காட்டுங்கள்.